நாலு பக்கமும் கரை போட்ட மாத்திரை

காஞ்சிபுரத்தில் என் கடைக்கு யாரும் வழி கேட்டதில்லை. என் கடையைச் சொல்லித்தான் மற்ற இடங்களுக்கு வழி கேட்பார்கள். "மெடிக்கலைத் தாண்டி இடது கைப் பக்கம் திரும்பு" என்று யாராவது சொன்னால் அது என் மெடிக்கல்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆறாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. பிறகு அடுத்தவர் கடையில் பாட்டில் கழுவினேன், பண்டல் சுமந்தேன், கவுண்டரில் நின்றேன். கடைசியில் அதே தெருவில் என் பெயரில் பலகை மாட்டினேன். இப்போது கடை என் மகன் கையில். எனக்கு ஓய்வாம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறான். அங்கே உட்கார்ந்தபடியே எந்த அட்டையை எந்தத் தட்டிலிருந்து எடுக்கிறான் என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

மருந்துக்கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதச் சொன்னார்கள். பிள்ளைகளே, நீங்கள் டி.ஃபார்ம், பி.ஃபார்ம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒரு மாத்திரை உடம்புக்குள் போனால் எந்த வழியாகப் போய் என்ன செய்யும் என்று என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். அதில் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் கவுண்டரில் ஒருவர் வந்து நின்று ஒரு கேள்வி கேட்டால், அவர் கேட்டது என்ன, கேட்காதது என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதைப் புத்தகத்தில் போட்டிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. போட்டிருந்தாலும் என்னிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை கொடுத்த முதலாளி வெற்றிலை போட்டுக்கொண்டே பேசுவார். பாதிப் பேச்சு சாறோடு உள்ளே போய்விடும். வெளியே வந்த பாதியில் ஒன்று இது:

"டேய், கல்யாணத்துக்குப் பாக்கற மாதிரி ஒவ்வொரு மாத்திரைக்கும் ரெண்டு சாதகம் இருக்குதுடா. ஒண்ணு டாக்டருங்க எழுதினது. உள்ள போயி இன்னா பண்ணும்னு சொல்றது. இன்னொண்ணு சர்க்கார் எழுதினது. யாரு வந்து கேட்டா குடுக்கலாம், எப்பிடிக் கேட்டா குடுக்கலாம்னு சொல்றது. ரெண்டுக்கும் பொருத்தம் பாக்காதே. பொருந்தாது. தனித்தனியா படிச்சிக்கோ."

படித்துக்கொண்டேன். எப்படி என்று கேளுங்கள். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் இந்த ஊரில் பிறந்தவன் எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் கரையைப் படித்துவிடுவான். புடவையைப் பிரிக்காமலே மடிப்பில் தெரிகிற கரையைப் பார்த்து இது எந்தத் தரம், எந்த வேலை என்று சொல்லிவிடுவான். சர்க்கார் மாத்திரை அட்டைகளில் சிவப்பு மையில் அடையாளம் போட ஆரம்பித்தபோது எனக்கு அது கரையாகத்தான் தெரிந்தது.

ஒன்றுமே போடாதது கரை இல்லாதது. சாதாரணக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொடி, இவையெல்லாம் அதில் சேரும். ஓரத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு இருந்தால் ஒத்தக் கரை. நீங்கள் ஷெட்யூல் எச் என்பீர்கள். டாக்டர் சீட்டு வேண்டும். பிரஷர் மாத்திரையிலிருந்து சாதாரண ஆன்டிபயாடிக் வரை முக்கால்வாசிக் கடை அதுதான். எச்சரிக்கையைச் சுற்றிச் சிவப்பில் கட்டம் கட்டியிருந்தால் நாலு கரை. அது உங்களுடைய எச் ஒன். சீட்டும் வேண்டும், யாருக்குக் கொடுத்தோம் என்று தனியாக எழுதியும் வைக்க வேண்டும். இதற்கும் மேலே பூட்டி வைத்து விற்கிற எக்ஸ் வகை ஒன்று உண்டு. அதை நான் கடையில் ஏற்றியதே இல்லை. ஏற்றாததும் ஒரு கெட்டிக்காரத்தனம்தான்.

இப்போது முதலாளி சொன்ன பொருத்தத்தைப் பாருங்கள். வலி என்று எடுத்துக்கொண்டால் பாராசிட்டமாலுக்குக் கரை இல்லை, டைக்ளோஃபினாக்குக்கு ஒத்தக் கரை, டிரமடாலுக்கு நாலு கரை. வலி ஒன்று, கரை மூன்று. திருப்பிப் பாருங்கள். நாலு கரைக்குள்ளே தூக்க மாத்திரை இருக்கிறது, பெரிய ஆன்டிபயாடிக் இருக்கிறது, டி.பி. மருந்து இருக்கிறது. கரை ஒன்று, சரக்கு மூன்று. டாக்டர் சாதகத்தில் இவை ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சர்க்கார் சாதகத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இதில் எங்கள் ஊருக்கென்றே ஒரு கூத்து உண்டு. பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து வருகிற ஒருவர். தலைவலி என்று வந்தார். பாராசிட்டமால் எடுத்து வைத்தேன். அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"இன்னாபா, கரையே இல்லாதத குடுக்கற? எங்கள பாத்தா அவ்ளோ எளப்பமா? கரை வெச்சதா குடு."

"அது கரை இல்லபா, எச்சரிக்கை."

"எச்சரிக்கையாவே இருந்துட்டுப் போவுது. நல்ல சரக்குன்னாத்தான கரை வெப்பான்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. காலம் காலமாக இந்த ஊர் அப்படித்தான் நினைத்துப் பழகியிருக்கிறது. கரை பெரிதாக இருந்தால் சரக்கும் உசத்தி. மாத்திரையில் அந்தக் கோடு உசத்தி என்று சொல்வதற்காகப் போட்டதல்ல, 'நில்' என்று சொல்வதற்காகப் போட்டது. அவரைச் சமாதானப்படுத்தி கரை இல்லாததையே விழுங்க வைத்து அனுப்பினேன். மறுநாள் தலைவலி போய்விட்டது என்று சொல்ல வந்தார். "கரை போட்டது குடுத்திருந்தா நேத்தே போயிருக்கும்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சிரிக்கிற மாதிரிதான் இருக்கிறது. இதே கரையால் ஒரு வீடு கவிழ இருந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நான் கவுண்டரில் நின்ற கடைசி வருஷம் அது. அப்போது கடையில் பார்மசிஸ்டாக இருந்தவள் பர்வீன். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது அவள் சர்டிபிகேட். ஆகவே சட்டப்படி மருந்து கொடுக்கிற அதிகாரம் அவளுடையது. என்னுடையது கடை மட்டும்தான். என்னை சித்தப்பா முறை வைத்து சாச்சா என்று கூப்பிடுவாள். சாச்சாவுக்கு மரியாதை கொடுப்பாள், சட்டத்தில் மட்டும் ஓர் இம்மி கொடுக்க மாட்டாள். ஒருமுறை கட்சிக்காரர் ஒருவர், எனக்கு ரொம்ப வேண்டியவர், சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டார். நான் தலையைச் சொறிந்துகொண்டு அவளைப் பார்த்தேன். "அண்ணா, தூக்கம் வரலைன்னா டாக்டரைப் பாருங்க. மனசாட்சி உறுத்தறதால வரலைன்னா மாத்திரை வேலை செய்யாது" என்றாள். அவரே சிரித்துவிட்டுப் போய்விட்டார். இந்த மாதிரி ஆளை வேலைக்கு வைக்கத் தெரிந்ததும் என் சாமர்த்தியத்தில்தான் சேரும்.

வைகாசி மாசம், கருட சேவை அன்று. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெளியூர்க் கூட்டம் கடையை மொய்த்துக்கொண்டிருந்தது. தலைசுற்றல், கால் கொப்புளம், குழந்தைக்கு வாந்தி. அந்த நெரிசலில் ஏகாம்பரம் உள்ளே நுழைந்தார். அவர் உண்மைப் பெயர் அதுவல்ல. எங்கள் பக்கத்துத் தெருவில் தறி போட்டிருக்கிற நெசவாளி. கை சுத்தம், வேலை சுத்தம். ஒரு பிடிவாதம் உண்டு. இருமுகிறவனைத் தறிப் பக்கம் சேர்க்க மாட்டார். எச்சில் பட்டால் பட்டு கறைபட்டுவிடும் என்பார். ஒரு முறை தன்னோடு வேலை செய்தவனையே இருமினான் என்று எழுப்பி அனுப்பிவிட்டார். தெருவே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

மடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்துக் கவுண்டரில் வைத்தார். சில மாத்திரை அட்டைகள்.

"அண்ணே, இது எந்த வகைன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாதே."

"எந்த வகைன்னா?"

"நல்ல வகையா, போதை வகையா?"

சத்தமாகவே கேட்டுவிட்டார். கூட்டத்தின் இரைச்சல் சட்டென்று இறங்கியது. இந்த ஊரில் 'போதை' என்ற சொல் விழுந்தால் குழந்தை அழுகைகூட ஒரு நொடி நின்று கேட்கும். அவர் தெருக்காரர் ஒருவர் இஞ்சி மரப்பா வாங்க நின்றிருந்தார். கழுத்தை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"இன்னா ஏகாம்பரம், இன்னா மாத்திர அது?"

நான் அட்டைகளின் மேல் கையை வைத்து மூடினேன். "அவருக்கு ஒண்ணும் இல்ல. ஒனக்குத்தான் காதுல ஏதோ கோளாறு. இவ்ளோ நீட்டினாத்தான் கேக்குதா?" என்றேன். கூட்டம் சிரித்தது. சிரிப்பு முடிவதற்குள் ஏகாம்பரத்தைக் கவுண்டருக்கு உள்ளே இழுத்து, அலமாரிக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார வைத்தேன். பிள்ளைகளே, மருந்து கொடுப்பதற்கு முன்னால் ஆளை உட்கார வைக்க ஓர் இடம் கடையில் இருக்க வேண்டும். இடமில்லை என்று சொல்லாதீர்கள். என் கடை பெட்டிக்கடை அளவில் இருந்தபோதே எனக்கு அந்த இடம் இருந்தது.

"யாருது இது?"

"எம் பொண்ணுது. திவ்யாவோடது."

திவ்யாவை எனக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. விடியற்காலை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது கடை முன்னால் நின்று "பெரியப்பா, டைம் என்ன?" என்று கேட்பாள். கையில் போன் இருக்கும். இருந்தாலும் கேட்பாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

ஏகாம்பரம் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். அடுத்த தெருப் பையன் ஒருவன் மாத்திரை விற்றான் என்று பிடிபட்டான். பிடித்த மாத்திரைகளை மேசையில் பரப்பி எடுத்த போட்டோ எல்லார் போனிலும் சுற்றியது. அதைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். அட்டைகளில் சிவப்புக் கட்டம். இரண்டு நாள் கழித்து மகளின் பையில் சாப்பாட்டு டப்பாவைத் தேடியபோது இந்த அட்டைகள் கிடைத்திருக்கின்றன. இவற்றிலும் சிவப்புக் கட்டம்.

"கேட்டா ஜொர மாத்திரைன்றா. எந்தப் பொண்ணு ஜொர மாத்திரைய துணியில சுத்தி பையோட அடியில ஒளிச்சி வெப்பா? நான் பொறந்ததுலருந்து கரை பாத்துக்கினு இருக்கேன், அண்ணே. கரை ஒண்ணுன்னா சரக்கும் ஒண்ணுதான். சாயங்காலம் வண்டி சொல்லிட்டேன். மெட்ராஸ் பக்கம் போதைய மறக்க வெக்கிற எடம் இருக்குதாம். கொண்டும்போய் உட்டுடுவேன். மாப்ள வூட்டுக்கும் நானே போயி சொல்லிடுவேன். போதை புடிச்ச பொண்ண இன்னொருத்தன் தலையில கட்ட எனக்கு மனசு வராது."

சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

நான் அட்டையைப் புரட்டினேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. செங்கல் நிறக் கேப்சூல். எத்தனையோ பேருக்குக் கொடுத்த கை இது. டி.பி. மருந்து. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அட பைத்தியக்காரா, இது போதையில்லை, இது இன்னது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சொல் பல்லுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

"சாச்சா, இங்க ஒரு நிமிஷம் வாங்க" என்றாள் பர்வீன். கவுண்டரில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அந்தப் பெண்ணின் ஒரு காது என் பக்கம்தான் இருக்கும். போனேன். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நோய் பேரு சொல்லிடாதீங்க."

"சொல்லாம எப்பிடிமா? அந்தாளு சாயங்காலம் பொண்ண வண்டியில ஏத்தப் போறாரு."

"அவ அப்பாகிட்டயே மறைச்சிருக்கா. ஏதோ காரணம் இருக்கு. நம்ம வாயால போச்சுன்னா திரும்ப வாங்க முடியுமா? அது அவ நோய், சாச்சா. அவதான் சொல்லணும்."

"அப்ப அந்தாளுக்கு இன்னா பதில் சொல்றது?"

"அவர் என்ன நோய்னு கேட்டாரா? எந்த வகைன்னுதானே கேட்டார். வகைய சொல்லுங்க."

என் முதலாளி வெற்றிலையோடு துப்பிய வாக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு சின்னப் பெண் வாயால் திரும்பி வந்தது. இரண்டு சாதகம். ஏகாம்பரம் கேட்டது சர்க்கார் எழுதிய சாதகத்தை. நான் எடுத்து நீட்டப் போனது டாக்டர் எழுதிய சாதகத்தை.

அலமாரியைத் திறந்து தூக்க மாத்திரை அட்டை ஒன்றைப் பர்வீனே எடுத்துக்கொண்டு வந்தாள். ஏகாம்பரத்தின் முன்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது தூக்க மாத்திரை. அந்தப் பையனைப் பிடிச்சது இந்த மாதிரி சரக்குக்காகத்தான். இது உங்க வீட்ல இருந்தது. நீங்க கரை பாக்கறவர்தானே? பாருங்க."

அவர் துண்டை எடுத்துவிட்டுக் குனிந்தார். வெளிச்சம் போதாது என்று இரண்டையும் வாசல் பக்கம் திருப்பிப் பிடித்தார். புடவையில் அறுந்த இழையைத் தேடுவது மாதிரி, கட்டை விரல் நகத்தால் ஓரமாக வருடிக்கொண்டே போனார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. வெளியே ஒருவர் "ஏம்பா, கடையில ஆள் இருக்குதா, எல்லாம் சாமி பாக்கப் போய்ட்டாங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"கரை ரெண்டுத்துலயும் ஒண்ணுதாம்மா."

"மூலைய பாருங்க."

விரல் மூலை மூலையாகப் போனது. பிறகு அவர் விரல் நின்றது.

"மூலையில செவப்புல எழுத்து இருக்குது. தூக்க மாத்திரையில மூணு எழுத்து. இதுல ரெண்டுதான். மொத எழுத்து இதுல இல்ல."

பார்த்தீர்களா? இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாத மனுஷன். உங்களுக்குப் புத்தகத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். டாக்டர் சீட்டுக்கு உரிய ஆர்.எக்ஸ். குறிக்கு முன்னால் 'என்' என்ற இங்கிலீஷ் எழுத்து ஒட்டியிருந்தால் அது போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வருகிற மருந்து. ஒட்டாவிட்டால் வராது. அதை அவர் பூவேலையில் விட்டுப்போன புள்ளியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார்.

"அந்த எழுத்துதான் போதைச் சட்டத்தோட எழுத்து. உங்க பொண்ணு மாத்திரையில அது இல்ல" என்றாள் பர்வீன். உடனே, "அந்த எழுத்து இருந்தாலும் கெட்ட மருந்துன்னு இல்லைப்பா. வலி தாங்காம துடிக்கறவங்களுக்கு அதுதான் சாமி மாதிரி. கண்டவன் கைக்குப் போகக் கூடாது, அவ்ளோதான்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"அப்ப, போதை இல்லன்னா, இதுக்கு எதுக்கு நாலு பக்கமும் கரை போட்டான்?"

நியாயமான கேள்வி. அதற்கும் அவளே பதில் சொன்னாள்.

"காவல் ரெண்டு விதமா தேவைப்படுது. சில மாத்திரை மனுசனைப் புடிச்சிக்கும். அதனால காவல். சில மாத்திரைய சீட்டில்லாம, பாதி தின்னு பாதி உட்டு, இஷ்டத்துக்கு சாப்ட்டா கிருமி பழகிடும். அப்புறம் உண்மையிலயே தேவைப்படறவங்களுக்கு அது வேலை செய்யாது. அதனாலயும் காவல். ஒண்ணு மனுசனைக் காப்பாத்த. இன்னொண்ணு மருந்தையே காப்பாத்த. கரை ஒண்ணாத்தான் போட்டிருக்காங்க."

ஏகாம்பரம் இரண்டு அட்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கரையில் பூ விழுவதற்காகத் தறிக்கு மேலே ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த அட்டையில் உள்ளபடிதான் கரை வரும்.

"என் தறியில ஒரே அட்டைய வெச்சி ரெண்டு பொடவை போட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. "ஒண்ணு கல்யாணப் பொண்ணுக்குப் போச்சு. ஒண்ணு அம்மனுக்குப் போச்சு. கரைய மட்டும் பாத்தா எனக்கே எது எதுன்னு தெரியாது. போற எடம் வேற." பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "இது தெரிஞ்ச எனக்கே அது தெரியாம போச்சே, அண்ணே."

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து நான் நெஞ்சை நிமிர்த்தினேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் கேட்டார்.

"சரி. இது இன்னாத்துக்கு சாப்புடுறது?"

பர்வீன் என்னைப் பார்த்தாள். இந்த முறை அவள் உதவிக்கு வரவில்லை. இது சாச்சாவுக்கான கேள்வி என்று விட்டுவிட்டாள்.

"ஏகாம்பரம், அத நான் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியாதுன்னு பொய்யும் சொல்ல மாட்டேன். அவ வாயால வரணும். அவ சொல்ற வரைக்கும் நீ கேக்காதே. ஒண்ணு மட்டும் கெட்டியா புடிச்சிக்கோ. இத நடுவுல நிறுத்தவே கூடாது."

அவர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

"நேத்து காலையிலயே நான் புடுங்கிட்டேனே!"

பர்வீன் அவரிடம் திவ்யாவின் நம்பரை வாங்கி, ஸ்டாக் அறையின் வாசலில் நின்று பேசினாள். ஏகாம்பரத்துக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துத்தான் பேசினாள். கிட்டே நின்ற எனக்கு அவள் பேசியது மட்டும் கேட்டது.

"நான் மெடிக்கல்லருந்து பர்வீன் பேசறேன்... அழாத. இல்ல, இல்ல, நாங்க ஒண்ணும் சொல்லல. போதை இல்லைன்னு மட்டும்தான் அப்பாவுக்குத் தெரியும்... ஒடனே ஒன் டாக்டருக்கு போன் பண்ணி, நேத்து விட்டுப் போனத சொல்லி, எப்பிடி தொடரணும்னு கேளு. வீட்ல மத்தவங்க டெஸ்ட் பண்ணணுமான்னு கேட்டியா?... அப்பிடியா, அது அந்த வகையா? நல்லதாப் போச்சு... இந்தா, அப்பாகிட்ட குடுக்கறேன்."

ஏகாம்பரம் போனைக் காதில் வைத்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு பர்வீனிடம், "இது சாப்ட்டுட்டு போடறதா, வெறும் வயித்துலயா?" என்று கேட்டார்.

"வெறும் வயித்துல. காலைல."

மறுபடி போனில், "யம்மா... நீ எங்கியும் போவாத. நான் மாத்திரைய எடுத்துக்கினு வந்துக்கினே இருக்கேன். வண்டி வேணாம்னு சொல்லிடறேன்... இல்லம்மா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார்.

வெளியே வந்தவரை அந்த இஞ்சி மரப்பாக்காரர் பிடித்துக்கொண்டார். அதுவரை அங்கேயேதான் நின்றிருக்கிறார். "இன்னாய்யா, உள்ள இவ்ளோ நேரம்?"

"கரை பாத்துக்கினு இருந்தேன்" என்றார் ஏகாம்பரம். பொய்யே இல்லை.

அப்புறம் சில நாள் கழித்துத் திவ்யா கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். மணி கேட்கவில்லை, சண்டைக்கு வந்தாள்.

"பெரியப்பா, எங்கப்பாகிட்ட இன்னா சொல்லி வெச்சீங்க? டெய்லி விடிகாலைல தலைமாட்டுல தண்ணி சொம்பையும் மாத்திரையையும் வெச்சிட்டு, முழுங்கற வரைக்கும் நின்னு பாத்துட்டு, ஒரு வார்த்தை பேசாம போறாரு. திட்டினாக்கூட பரவால்ல. இது பயமா இருக்குது."

"கேக்காதேன்னு சொன்னேன். கேக்காம இருக்காரு. நீ சொல்லேன்."

"எப்பிடி சொல்றது? இருமினான்னு ஒரு ஆளையே எழுப்பி உட்டவரு. எனக்கு இருமலே இல்ல. கழுத்துல கட்டி, அவ்ளோதான். டாக்டரே இது பரவாதுன்னு சொல்லிட்டாரு. ஆனா அந்தப் பேர சொன்னா அதுக்கப்பறம் நான் எங்க உக்காருவேன்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்த சந்தர்ப்பங்கள் குறைவு. அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவளே சொன்னாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தறியில் இருக்கும்போது, பக்கத்தில் போய் நின்று சொன்னாளாம். அவர் கை நிற்கவில்லையாம். இழை முடிந்த பிறகு எழுந்து, தன் இடத்தைக் காட்டி, "இங்க உக்காரு" என்றாராம். தறியில் உட்கார வைத்து, ஒரு வரிசை அவளையே நெய்ய விட்டாராம். அவளுக்கு நெசவு தெரியாது. அந்த வரிசை கோணலாகத்தான் போயிருக்கும். அவர் அதைப் பிரித்துச் சரி செய்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடமும் அவளே பேசினாள். கல்யாணத்தை மருந்து முடிகிற வரை தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மாத்திரை வாங்க ஏகாம்பரம் எங்கள் கடைக்கே வந்தார். டாக்டர் சீட்டை நாலாக மடித்து பர்வீன் கையில் மட்டும் கொடுப்பார். வாயால் கேட்பது வேறு. எத்தனை பேர் நின்றாலும், கணீரென்று, "நாலு பக்கமும் கரை போட்டது ஒரு செட்டு" என்பார். பக்கத்தில் நிற்கிறவர்கள் கடையில் புடவையும் விற்கிறார்கள் போலிருக்கிறது என்று பார்ப்பார்கள். நோயின் பெயர் அந்தக் கவுண்டரில் ஒரு தடவைகூட விழவில்லை. சட்டம் கேட்டதை எழுதினோம், டாக்டர் சொன்னதைக் கொடுத்தோம், ஊர் கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை.

பிள்ளைகளே, உங்களிடம் அட்டையை நீட்டி "இது என்ன?" என்று யாராவது கேட்டால் ஒரு மூச்சு விட்டு நில்லுங்கள். கேட்கிறவர் எந்தச் சாதகத்தைக் கேட்கிறார், அது யாருடைய சாதகம் என்று யோசியுங்கள். தெரிந்ததையெல்லாம் கொட்டுவது அறிவுதான், எனக்கும் அதில் ஆசை அதிகம். ஆனால் கவுண்டரில் அதற்கு அளவு உண்டு. இதைக்கூட திவ்யாவிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க பெரியப்பா. ஆனா என்ன கொஞ்சம் அழகா எழுதுங்க" என்றாள். அவள் அழகுதான். நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

டாக்டர் மருந்தை நிறுத்தச் சொன்ன மாதம் ஏகாம்பரம் வழக்கம் போல் வந்து நின்றார். கையில் சீட்டு இல்லை. கடையில் நல்ல கூட்டம். அந்த இஞ்சி மரப்பாக்காரரும் இருந்தார். அவர் எப்போதும் இருப்பார்.

"இன்னா ஏகாம்பரம், நாலு கரையா?" என்றேன்.

"இனிமே வேணாம்னுட்டாரு, அண்ணே." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆனா கால் பழகிப்போச்சு. தானா வந்துடுச்சு. வெறுங்கையோட எப்பிடிப் போறது? கரையே இல்லாததா ஒண்ணு குடு."

பர்வீன் ஓர் ஓம வாட்டர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் சிவப்பில்லை. திருப்தியாக மடியில் செருகிக்கொண்டு போனார்.